பின் சீட்டுக்கு ஆள் தேவை

அமிர்தலிங்கத்துக்குத் தெரியாத கார் கேமரன் மலையில் கிடையாது. சொந்தமாக ஒரு கார்தான் கிடையாது. லெம்பா பெர்த்தாமில் தக்காளியும் கோஸும் போடுகிறவர். ஓட்டுவது அவருக்கு முன்பே பிறந்துவிட்ட ஒரு லேண்ட்ரோவர். இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பாதிப்பேர் வைத்திருப்பதுதான். கதவைச் சாத்த ஒரு கயிறு, மழைக்கு ஒரு கேன்வாஸ், போகிற வழியெல்லாம் கோழி எரு வாடை. அதிலிருந்து இறங்கி, பிரிஞ்சாங்கில் சாந்தினி கடையில் உட்கார்ந்து தேத்தண்ணிக் கிளாஸைக் கையில் எடுத்தாரென்றால், ஜப்பான்காரன் சஸ்பென்ஷனில் எங்கே கோட்டை விட்டான் என்று ஆரம்பித்துவிடுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடும் எங்கள் கார் சபைக்கு அவர்தான் தலைவர். நான் நல்லுசாமி, சாமந்தித் தோட்டம் வைத்திருப்பவன். சபையில் என் வேலை தலையாட்டுவது. மகேன் வாத்தியார் எங்கள் எதிர்க்கட்சி. கூரையில் கண்ணாடி வைக்காத காரை அவர் காராகவே மதிக்கமாட்டார். பாதி நாள் மழை, மீதி நாள் மூடுபனி என்றிருக்கும் ஊரில் அந்தக் கண்ணாடி வழியாக எதைப் பார்ப்பார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் சபை கலைந்துவிடும்.

அமிர்தலிங்கத்துக்கு இந்தப் பித்து எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. அவர் அப்பா, தோட்டத்துத் துரையின் காரைத் தினமும் கழுவித் துடைத்தவர். அதற்குள் ஒரு நாளும் உட்காராதவர். மகன் அந்தக் குறையைத் தீர்ப்பதென்று முடிவு செய்துவிட்டார்: உலகத்திலுள்ள எல்லாக் காரிலும் உட்கார்ந்து பார்ப்பார். வாங்குவது வேறு விஷயம்.

டெஸ்ட் ட்ரைவ் என்றால் மற்றவர்களுக்கு ஈப்போவில் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம். இவருக்கு அது போதாது.

“சமதரையில எந்தக் கட்டையும் ஓடும் லா. மல ஏறணும். அதுவும் லோடோட ஏறணும்” என்பார்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் பழைய ரோட்டில்தான் அவர் பரீட்சை வைப்பார். லோடுக்காக ஒரு தடவை கோஸ் மூட்டைகளைக் கொண்டுபோய்ப் புதுக் காரின் பின் சீட்டில் ஏற்றப் பார்த்தார். சேல்ஸ்மேன் காலில் விழாத குறை. அதற்குப் பிறகு கோஸுக்குப் பதிலாக மனைவியை ஏற்றினார். அதற்கு எந்தச் சேல்ஸ்மேனாலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

இப்படித்தான் மணியம்மா எங்கள் வட்டாரத்திலேயே அதிகமான புதுக் கார்களில் ஏறிய பெண்மணி ஆனாள். எல்லாவற்றிலும் பின் சீட்டில். ஒவ்வொரு தடவையும் நல்ல சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போவாள், இன்றைக்கு நிஜமாகவே வாங்கிவிடுவார் என்று. திரும்பி வரும்போது அதே சேலையோடு லேண்ட்ரோவரில் ஏறுவாள். சனிக்கிழமை சபையில் அமிர்தலிங்கம் அறிக்கை வாசிப்பார். ஏற்றத்தில் இழுவை எப்படி, பிரேக் எப்படி, டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைத் தட்டினால் சத்தம் எப்படி. கடைசியில், “ஆனா அடுத்த மாடல் வரட்டும். அதப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்” என்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

மகள் துளசியை ஈப்போவில் கொடுத்த பிறகுதான் விஷயம் சிக்கலானது. தலைத்தீபாவளிக்கு அழைக்க இருவரும் சீர்த்தட்டோடு லேண்ட்ரோவரில் போய் இறங்கினார்கள். சம்பந்தியம்மா தனலெட்சுமி வாசலுக்கு வந்தாள். நல்ல மனுஷிதான், சிரித்த முகம். அந்தச் சிரிப்போடேயே சொன்னாள்:

“சம்பந்தி, வண்டிய அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா? காத்து வீட்டுப் பக்கமா அடிக்குது.”

அமிர்தலிங்கம் தள்ளிப் போட்டார். போட்டுவிட்டு, சம்பந்தி வீட்டுக் காரைச் சுற்றி வந்து டயர் அளவைப் பார்த்தார். மணியம்மா தட்டைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் பட்ட அவமானம் அவருக்கு உறைக்கவே இல்லை. எனக்கே அவளாகச் சொல்லித்தான் தெரியும். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

போன வருஷம் துளசி முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்ததும் மணியம்மா புருஷனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“என் பொண்ணு வளைகாப்புக்கு நான் ஒரு நல்ல காடியில போயி அந்தக் கேட்டு முன்னாடி எறங்கணும். வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“அதுக்குள்ள எடுத்துடலாம் லா” என்றார் அமிர்தலிங்கம். எடுத்த முதல் நடவடிக்கை, டெஸ்ட் ட்ரைவ்களை இரண்டு மடங்காக்கியது. துளசிக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. இவருக்கு இன்னும் எந்தக் காரின் ஹெட்லைட்டும் பிடித்தபாடில்லை.

காப்பாற்றியது புவனேஸ் என்ற சேல்ஸ்மேன். வேலைக்குப் புதிது, அதனால் ஒரு தவறு செய்துவிட்டான். ரிங்லெட்டில் காரை நிறுத்தி அமிர்தலிங்கம் வழக்கம்போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கும்போது, அவன் பின்னால் திரும்பி, “அம்மா, பின்னாடி எப்படி இருக்கு?” என்று கேட்டான்.

இத்தனை காரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மணியம்மா காலை ஒரு தடவை நீட்டிப் பார்த்தாளாம். பிறகு, “நல்லா இருக்குப்பா. காலு நீட்ட முடியுது. இதையே எடுத்துக்குறோம்” என்றாள்.

“இன்னும் ரெண்டு காடி பாக்கணும்” என்றார் முன்சீட்டு.

“நீங்க மெதுவா பாருங்க. நான் இத எடுத்துக்குறேன். என் பேருலயே போடுப்பா.”

கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடை போட்டுச் சம்பாதிப்பவள். யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

தலைவர் முடிவு இல்லாமலே தலைவர் வீட்டுக்குக் கார் வந்துவிட்ட அதிர்ச்சியில் சபை ஒரு வாரம் மௌனம் காத்தது. ஆனால் அமிர்தலிங்கம் சுலபமாகத் தோற்கிறவர் இல்லை. கார்தான் மணியம்மாவுடையது, அலங்காரம் தன்னுடையது என்று ஆக்கிக்கொண்டார். சாந்தினி கடையில் அவசரக் கூட்டம் கூடியது. கதவைத் திறந்தால் தரையில் வெளிச்சம் விழுகிற விளக்கு வேண்டும் என்றார் மகேன் வாத்தியார். வெளிச்சத்தில் சேறு தெளிவாகத் தெரியும் என்பது அனுகூலம். முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. ஸ்பாய்லர் உண்டா இல்லையா என்பதில் தேத்தண்ணி ஆறிப்போனது. சீட்டுக்கு மேலே ஷோரூம்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே கூடாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரமாக அமிர்தலிங்கம் பெயிண்டுக்குக் கோட்டிங் போட்டார். கண்ணாடி மாதிரி பளபளக்குமாம், தூசி ஒட்டாதாம். வளைகாப்புக்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. ஈப்போ கடைக்காரன் சாவியைக் கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை சொன்னான்: ஒரு வாரத்துக்குக் காரின் மேல் தண்ணீர் படக்கூடாது.

கேமரன் மலையில், மழைக்காலத்தில், ஒரு வாரம் தண்ணீர் படக்கூடாது! வேறு யாராவதாக இருந்தால் சிரித்துவிட்டுக் காரை மழையில் ஓட்டி வந்திருப்பார்கள். இவர் தக்காளி போடுகிறவர். மழையிலிருந்து ஒன்றைக் காப்பாற்ற என்ன செய்வார்? அதிசயமாக மழை இல்லாத ஒரு மத்தியானம் பார்த்துக் காரை மேலே கொண்டுவந்தார். தக்காளிக்குப் போடுகிற மாதிரியே குழாய் வளைத்து, பிளாஸ்டிக் இழுத்துக் கட்டி, ஒரு கூடாரம் போட்டு, காரை உள்ளே நட்டுவைத்தார். பூசை போட வீட்டுக்கு வந்த பூசாரியைப் பானெட்டில் சந்தனம் வைக்க விடவில்லை. அவர் பாவம், டயருக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டுப் போனார். பழம் நசுங்கவில்லை. கார் நகர்ந்தால்தானே நசுங்கும்?

வளைகாப்பு நாள் காலையில் நான் பூவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்னையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மணியம்மா பட்டுச் சேலையில் வாசலில் நின்றாள். பக்கத்தில் வளையல் தட்டு, கலந்த சாதம் அடுக்கிய பாத்திரங்கள். அமிர்தலிங்கம் லேண்ட்ரோவரின் பின்புறத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எரு மூட்டை கிடந்த இடம்.

“கோட்டிங் இன்னும் காயல மணி. மழ வேற இப்படிப் பேயுது. இன்னிக்கு ஒரு நாளைக்கு இதுல போயிடலாம். நான் நல்லாக் கழுவிட்டேன், வாடையே இல்ல.”

வாடை எனக்கே அடித்தது. மணியம்மா புருஷனைப் பார்த்தாள், லேண்ட்ரோவரைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சண்டை வரும் என்று ஒதுங்கி நின்றேன். வரவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மழையில் இறங்கினாள். கூடாரத்தின் கயிற்றை அவிழ்த்து, தக்காளிக் கூடாரத்தைப் பிரிக்கிற கைப்பழக்கத்தில் ஒரே இழுப்பில் பிளாஸ்டிக்கைச் சுருட்டித் தள்ளினாள். மழை காரின் மேல் சடசடவென்று விழுந்தது. அமிர்தலிங்கம் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஐயையோ, கோட்டிங்கு!”

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டத் தெரியாதவள் இல்லை. கோஸ் ஏற்றிய லேண்ட்ரோவரைச் சேற்றில் இறக்கி ஏற்றுகிறவள்தான். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

“நல்லுசாமிண்ணே, தட்டெல்லாம் பின்னால ஏத்திட்டு நீங்க முன்னாடி வந்துடுங்க. மடியில பூவ வச்சிக்கிங்க, பின்னாடி வச்சா நசுங்கிடும்.” பிறகு புருஷனிடம், “நீங்க பின்னாடி ஏறுங்க. லோடு வேணும்ல” என்றாள்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் ஒருவழியாக நசுங்கியது.

ரிங்லெட் தாண்டும்வரை பின் சீட்டிலிருந்து கட்டளைகள் வந்துகொண்டிருந்தன. “பிரேக்க மிதிக்காத, கியரக் கொற.” “வைப்பர் வேகமாப் போடாத, கண்ணாடி கோடு விழும்.” ஒவ்வொரு வளைவிலும் பிளாஸ்டிக் உறையில் அவர் இந்தப் பக்கத்துக் கதவிலிருந்து அந்தப் பக்கத்துக் கதவுக்கு வழுக்கிப் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் போனதும் கட்டளைகள் குறைந்தன. அப்புறம் நின்றே போயின. திரும்பிப் பார்த்தேன். தலைவரின் முகம் கோஸ் நிறத்தில் இருந்தது.

மணியம்மா கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தாள். ஒரு கையால் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

“குனியாதீங்க. தூரமாப் பாருங்க. வாய்ல மூச்சு விடுங்க. நான் அப்படித்தான் சமாளிப்பேன்.”

பை நிறைந்த பிறகு அவர் மெதுவாகக் கேட்டார், “ஒனக்கும் வாந்தி வருமா?”

“எல்லாக் காடியிலயும் வரும்.”

“சொல்லவே இல்லையே மணி.”

“நீங்க கேக்கவே இல்லையே.”

 தாப்பாவரை நான் பூவைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷம் அந்த அறிக்கைகளுக்குத் தலையாட்டியவனுக்குப் பின்னால் திரும்ப வெட்கமாக இருந்தது.

ஈப்போவில் மழை இல்லை. கேட்டுக்கு நேர் முன்னால் கார் நின்றது. மணியம்மா இறங்கி, சேலையைச் சரிசெய்து, தட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். தனலெட்சுமி வாசலுக்கு ஓடி வந்து, “வாங்க சம்பந்தி, காடிய உள்ளாறவே ஏத்தி விட்டிருக்கலாமே!” என்றாள். மணியம்மாவின் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை. காரில் மாட்டிய இரண்டு கேமராவும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

துளசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “அப்பா எங்கம்மா?”

“பின்னாடி இருக்காரு. கொஞ்சம் எலுமிச்சம்பழம் கரைச்சிக் குடு.”

அடுத்த சனிக்கிழமை சாந்தினி கடையில் மகேன் வாத்தியார் போனைத் தூக்கிக்கொண்டு பரபரப்பாக வந்தார். முழுக்கக் கண்ணாடிக் கூரையோடு ஒரு புது மாடல் ஈப்போவுக்கு வந்திருக்கிறது. “என்னா தலைவரே, போயி மலைல ஏத்திப் பாத்துடுவோமா?”

அமிர்தலிங்கம் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

“பாத்துடலாம். பின்னாடி யாரு உக்கார்றது?”

வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் வாத்தியாரைப் பார்த்தேன். தலையாட்டத்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அதையும் செய்யவில்லை.