வேதமுத்துவுக்கு இளைப்பு, பூவனலிங்கத்துக்கு வைத்தியம்

கோவில்பட்டியில் ஹாக்கி நன்றாக ஆடினால் மில்லில் வேலை கிடைக்கும். ஆட்டம் போனால் வேலையும் போகும். வேதமுத்து அப்படி வேலைக்கு வந்தவன்தான். பந்தோடு வலது ஓரத்தில் கிளம்பினால் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஓடி நின்ற பிறகுதான் வினை. நெஞ்சு இறுகி, மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிடும்.

அணியின் மேனேஜர் பூவனலிங்கம் அண்ணாச்சி மட்டையைத் தொட்டதே கிடையாது. ஆனால் வைத்தியம் உட்பட எல்லாம் தெரியும்.

"ஏலே, நீ ஒடம்பு வணங்காம வளந்தவன். ஓட ஓடச் சரியாப்போகும்."

மார்கழிப் பனியில், விடியுமுன், ஜின்னிங் பேக்டரிச் சுவரோரம் ஓடவிட்டார். குளிர்காற்றும் பஞ்சுத்தூசியும் நெஞ்சுக்குள் போயின. இழுப்பு கூடியது, அண்ணாச்சி ஓட்டத்தைக் கூட்டினார். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறவனுக்குக்கூட இத்தனை சிரத்தை இருக்காது. வேலை போய்விடுமோ என்று பயந்து வேதமுத்துவும் ஓடினான். ஒருநாள் உதடு நீலம்பாரித்து விழுந்தவனை வண்டியில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

"சில பேருக்கு ஓடுனா இளைப்பு வரும். பனியும் தூசியும் அதைக் கிளப்பிவிடும்" என்றார் டாக்டர். "ஆட்டத்தை விடவேண்டாம். வெயில் ஏறினபொறவு ஓடு. மொதல்ல நட, பொறவு மெள்ள ஓடி ஒடம்பைச் சூடாக்கிக்கோ. ஆடப்போறதுக்கு முன்னால இந்த மாத்திரையைப் போடு. நெஞ்சு இறுகுனா நின்னுரு."

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன் மூக்கைத் துண்டால் சுற்றிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி நடந்தான். "மாப்பிள்ளை பொண்ணு பாக்கப் போறாரு" என்று ஊரே சிரித்தது. சிரிப்புக்குக் காசா, பணமா?

மதுரைக்காரர்களுடன் இறுதி ஆட்டம். கடைசிவரை ஓடி வேதமுத்து இரண்டு கோல் போட்டான். பாராட்டுக் கூட்டத்தில் மாலையை அண்ணாச்சியே போட்டுக்கொண்டு பேசினார்.

"மார்கழி ஓட்டந்தான் இவனை ஆளாக்குச்சு. நாளையில இருந்து எல்லாரும் விடியக்காலம் அந்தச் சுவரோரம் ஓடணும்."

கைதட்டினார்கள். வேதமுத்து, வேலை போனால் போகட்டும் என்று எழுந்தான்.

"நான் வரல அண்ணாச்சி."

"ஏம்லே?"

"ஒங்க வைத்தியத்துல ஒருதடவ பொழச்சிட்டேன். நாளைக்கு நீங்க முன்னால ஓடுங்க. விழுந்தா தூக்கிட்டுப் போக, நான் வண்டியோட பின்னால வாரேன்."