ஒரு துண்டு குறைகிறது

என் மனைவியை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எண்ணிக்கை அக்கா என்றால்தான் தெரியும். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ் வேலை. வயிற்றைத் திறந்த பிறகு உள்ளே போகிற பஞ்சு, துணி, கத்திரி எல்லாவற்றுக்கும் அவள்தான் பொறுப்பு. போனதெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்து "சரியா இருக்கு" என்று அவள் சொன்ன பிறகுதான் தையல் போடுவார்கள்.

வீட்டிலும் அந்தப் புத்தி விடாது. கொடியில் இருந்து துணி எடுத்தால் கிளிப்பை எண்ணுவாள். பாத்திரம் கழுவினால் ஸ்பூனை எண்ணுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்த ஸ்பூனை யார் வயித்துலயாவது வெச்சுத் தெச்சிட்டியா?" என்று கேட்பேன். "எண்ணலைன்னா எனக்குக் கை அரிக்குதுங்க, விடுங்க" என்பாள்.

இந்த லட்சணத்தில் காரையும் அவளே பிரித்து மாட்டுவாள். நான் சைக்கிள் செயின் கழன்றாலே கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள். "மனுஷனைத் திறந்து மூடுறதையே தினமும் பாக்குறேன், இது வெறும் இரும்புதானே" என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வாள். பிளக்கை மாற்றுவாள், பெல்ட்டை மாற்றுவாள். ஒரு நாளும் சொதப்பியதில்லை. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒரு சமயம் மகள் குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். பேரனுக்கு மூன்று மாதம். மருமகனுக்கு வெளியூர் வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் வீட்டுக்கு மகள் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் காரிலேயே போவதாகப் பேச்சு. ஆனால் கார் நின்ற இடத்தில் கொஞ்ச நாளாகவே கறுப்பாக எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்ஜினுக்குப் பின்னாடி ஆயில் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

இவள் நம்பவில்லை. "எண்ணெய் கீழதான் இறங்கும். சொட்டுற இடத்தைப் பாத்துட்டு சீல்னு சொன்னா எப்படி? எங்க இருந்து வருதுன்னு பாக்க வேண்டாமா?" என்று அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். பூப்போட்ட பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து எண்ணி வைத்துக்கொண்டாள். இன்ஜினை மேலிருந்து கீழ்வரை பளபளவென்று துடைத்தாள். அப்புறம் உள்ளே போய்ப் பேரனின் பவுடர் டப்பாவை எடுத்து வந்து இன்ஜின் முழுக்கக் கொட்டினாள்!

"அடியேய், அதுக்குமா குளிப்பாட்டிப் பவுடர் போடுற?" என்றேன்.

"வெள்ளையில கறுப்பு தெரியும்ல. பேசாம வந்து டார்ச்சைப் புடிங்க."

வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள். நான் டார்ச் பிடித்தேன். அவள் சொன்னதுதான் சரி. கீழே சீல் இருந்த இடத்தில் பவுடர் அப்படியே காய்ந்து இருந்தது. மேல் மூடியின் விளிம்பில் இருந்துதான் ஒரு கறுப்புக் கோடு இறங்கி வந்தது. மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பேக்கிங் தளர்ந்து போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். போல்ட்டுகளை இறுக்கினால் இப்போதைக்குத் தாங்கும், புதுப் பேக்கிங் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இறுக்கும்போது எண்ணெய் வழிந்து சைலன்சர் குழாய் மேல் விழக்கூடாது என்று இன்ஜினுக்குப் பின்பக்கம் கையை விட்டு கிழித்த துண்டு ஒன்றைச் செருகினாள். நான் அதைப் பார்க்கவில்லை, என்னை அதற்குள் கடைக்குத் துரத்தியிருந்தாள். போல்ட்டுகளை இறுக்கி முடிக்கிற நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தது. மறுநாள் டியூட்டியில் ஏதோ குழப்பம். பேசிக்கொண்டே உள்ளே போனாள்.

நான் திரும்பி வந்தபோது மகள் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இப்பவே புறப்பட்டா வழியிலயே இவன் தூங்கிடுவான்பா" என்று பேரனைப் பின்சீட்டில் குழந்தை இருக்கையில் கட்டினாள். பானெட்டை அவளே இறக்கி மூடினாள். "அம்மா, போயிட்டு வரேன்" என்று ஜன்னல் வழியாகச் சாவியை ஆட்டிக் காட்டினாள். இவள் போனைக் காதில் வைத்தபடி, சரி சரி என்று கையை ஆட்டினாள். காரில் ஏதோ சாமான் வைக்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாளாம்.

போன் முடிந்து வெளியே வந்தவள் கார் நின்ற இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள். "போயிட்டாளா? சாயங்காலம்தானே சொன்னா?" என்றாள். நான் விவரம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கிடந்த துணிகளை ஊறவைக்க வாளியை இழுத்தாள். ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். போட்டதை வெளியே எடுத்தாள். மறுபடி போட்டாள்.

"என்னங்க," என்றாள். "ஒரு துண்டு குறையுது."

நான் சிரித்தேன். கிளிப், ஸ்பூன், இப்போது அழுக்குத் துணி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"உள்ள இருக்குங்க. குழாய்க்கு மேல. எண்ணெயில நனைஞ்ச துணி. குழாய் சூடானா பத்திக்கும்." வாளியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பிள்ளையைப் பின்னாடி கட்டியிருக்கு."

மகளுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடி அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் எடுக்கமாட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி வளர்த்ததே இவள்தான்.

ஸ்கூட்டரை எடுத்தேன். இவள் பின்னால் ஏறி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். நான் ஜென்மத்தில் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. சிக்னலில் நிற்கவில்லை. ஒரு பஸ்காரர் தலையை வெளியே நீட்டி என் பரம்பரையையே திட்டினார், திட்டட்டும். பின்னால் இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எடுடி, எடுடி, என் தங்கமே, ஒரு தடவை எடுடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். இவள் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை.

பாலத்துக்குத் திரும்பும்போது தூரத்தில் கரும்புகை தெரிந்தது.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. "நிறுத்தாதீங்க, போங்க" என்று முதுகில் குத்தினாள். கிட்டப் போனால் ஆற்றங்கரையில் எவனோ குப்பையை எரித்துக்கொண்டிருந்தான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்வதா, அறைவதா என்று தெரியவில்லை. இவள் நெற்றி என் முதுகில் அழுந்தியிருந்தது மட்டும் தெரிந்தது.

பாலம் தாண்டியதும் ஒரு டயர் கடை. அதன் முன்னால் கூட்டம். கூட்டத்துக்கு நடுவில் எங்கள் கார், பானெட் திறந்தபடி. முன்பக்கப் பெயின்ட் கொப்பளித்துக் கிடந்தது. இன்ஜின் மேல் முழுக்க மணல். நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே இவள் குதித்து ஓடினாள். பின்கதவு திறந்திருந்தது. குழந்தை இருக்கை காலியாக இருந்தது. அதன் பட்டை அறுக்கப்பட்டுத் தொங்கியது.

இவள் அந்தப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் யாரையோ பிடித்து உலுக்கினேன். "பிள்ளை எங்க? பிள்ளை எங்கய்யா?"

"பதறாதீங்க சார், கடைக்குள்ள இருக்காங்க. பாப்பாவும் அம்மாவும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார் அவர். டயர் கடைக்காரர்தான் அவர்.

உள்ளே மகள் ஒரு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். பேரன் அவள் மடியில் முழித்துக்கொண்டு கிடந்தான். ஒரு கீறல்கூட இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாலத்துலயே கருகுற வாசனை வந்துச்சுப்பா," என்றாள் மகள். பல் அடித்துக்கொண்டது. "முன்னாடி போன லாரின்னு நினைச்சேன். இறங்கினதும் புகை. நிறுத்திட்டு இவனைத் தூக்கப் போறேன், பட்டை கழலவே இல்ல. எவ்வளவு அமுக்கியும் கழலலப்பா. உள்ள புகை வருது, இவன் இருமுறான். இந்த அண்ணன்தான் கத்தியோட ஓடி வந்தாரு."

டயர் கடைக்காரர் வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கம்பி. அதன் நுனியில் கரிந்த துணி ஒன்று தொங்கியது. எரியாமல் மிஞ்சிய ஓரத்தில் பாதிப் பூ இருந்தது. "இதைப் பாருங்க சார். எந்த மடப்பய மெக்கானிக்கிட்ட விட்டீங்க? துணியை உள்ளயே வெச்சுட்டுப் போயிருக்கான்."

நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஊர் பேர் தெரியாத ஒரு மெக்கானிக்கின் தலையில் போட்டிருப்பேன், சத்தியமாக. அவர் பின்னாலேயே வந்து நின்றிருந்த இவள் விடவில்லை.

"நான்தாங்க வெச்சேன்," என்றாள். அப்புறம் மகளைப் பார்த்து, "நான்தான் கண்ணு. எடுக்க மறந்துட்டேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். இவள் இரண்டு கையையும் நீட்டினாள். "குடு, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கிறேன். உனக்கு உடம்பெல்லாம் ஆடுது பார்."

"உன் கையெல்லாம் ஆயிலா இருக்கும்மா."

உண்மைதான். என் சட்டை முதுகிலும் அந்த விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. இவள் கையைப் பார்த்துக்கொண்டாள். கடைக்கு வெளியே குழாய் இருந்தது. அங்கே போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கைவரை. தியேட்டருக்குள் போவதற்கு முன்னால் கழுவுகிற மாதிரி நிறுத்தி நிதானமாகக் கழுவினாள். டயர் கடைக்காரர் துடைத்துக்கொள்ளத் துண்டு நீட்டினார், வாங்கவில்லை. இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, முழங்கையில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்து மகளுக்கு முன்னால் நின்றாள்.

கையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

மகள் அந்தக் கைகளைப் பார்த்தாள். பேரனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். எழுந்து, இவளைச் சுற்றிக்கொண்டு வந்து, அவனை என்னிடம் கொடுத்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? இவள் தூக்கிய கைகளை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கழுத்தைத் தாங்கிப் புடிங்க," என்றாள்.