கண்ணாடிக் கதவின் அந்தப் பக்கம்

அவள் பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவள். ஒரு நாளைக்கு எட்டு முறை ஊரைச் சுற்றிய கால்கள் இப்போது நாலாவது மாடியில், இரண்டு அறைக்கும் ஒரு பால்கனிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தன. கணவன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். பிரசவ விடுப்பு முடிந்து, சம்பளமில்லாத விடுப்புக்கும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

பேச்சுத் துணைக்கு ஆளில்லாததால் மகளை உன்னிப்பாகப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்து அப்பா வைத்த பட்டப்பெயர் பூசணி. மூன்றாம் மாதம் பூசணி தன் கையையே யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமான் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஐந்தாம் மாதம் குப்புறக் கவிழ்ந்து, நிமிரத் தெரியாமல் கத்தியது. நிமிர்த்திப் போட்டால் அடுத்த நொடி மறுபடியும் கவிழ்ந்து கத்தியது.

"கவுந்துக்கறதும் நீ, கத்துறதும் நீயா?" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் எட்டாம் மாதம் வரைதான். தவழத் தெரிந்த கையோடு பூசணிக்கு அம்மாவைத் தேடவும் தெரிந்துவிட்டது. அவள் கண்ணிலிருந்து மறைந்தால் வீடே இரண்டுபட்டது. குளியலறைக்குள் போனால் பின்னாலேயே வந்து கதவை அறைந்து அறைந்து அழும். அவள் அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு ஓடி வருவாள். பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தாள். ஆனால் கீழே ஏதாவது பஸ்ஸின் விசில் கேட்டால் ஓடிப் போய் அதில் ஏறிக்கொள்ளத் தோன்றியது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் இவளெல்லாம் ஒரு தாயா என்பார்கள்.

ஒன்பதாம் மாதம் பூசணி இரண்டு விரலால் எறும்பைப் பிடித்தது. பத்தாம் மாதம் பால்கனிக் கண்ணாடிக் கதவின் உள்பக்கம் அடியிலிருந்த தாழ்ப்பாளை மேலும் கீழும் இழுத்து விளையாடியது.

"இவளுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியுதுங்க!"

"அப்ப நம்ம வீட்டுக்கு வாட்ச்மேன் செலவு மிச்சம்" என்றான் கணவன்.

அடுத்த வாரம் ஒரு காலை. அடுப்பில் சிறு தீயில் பால். பூசணி கூடத்தில் கரண்டிகளோடு இருந்தது. அவள் துண்டு எடுக்கப் பால்கனிக்குப் போனாள். பின்னாலேயே தவழ்ந்து வந்த பிள்ளை கதவைத் தள்ள, அது சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் 'டக்'கென்று தரையில் இறங்கியது.

"பூசணி, அதை மேல தூக்குடா. மேல... மேல!"

பிள்ளை சிரித்தது. பிறகு கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி எழுந்து நின்றது. முதல் முறையாக நிற்கிறது. பார்த்துச் சந்தோஷப்பட அவளுக்கு நெஞ்சில் இடமில்லை. போன் உள்ளே. வாசல் கதவும் உள்பக்கம் பூட்டியிருந்தது.

கட்டடத்தின் பக்கச் சுவருக்குச் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அவள் போட்ட கூச்சலைக் கேட்டு, இடுப்பில் செருகிய சுத்தியலோடு பால்கனிக்குத் தாவி வந்தார்.

"ஒரே தட்டு, கண்ணாடி போயிரும். உடைச்சிரட்டுமா தங்கச்சி?"

"ஐயோ, வேண்டாம்ணே! புள்ள அதுல சாஞ்சுக்கிட்டு நிக்குது."

பால் பொங்கி அடிபிடிக்கும் வாடை வந்தது. பிள்ளை நகரவில்லை. அம்மா கண்ணுக்குத் தெரிகிறவரை அது நகராது என்பது அவளுக்குத் தெரியும். தெரியாவிட்டால் எங்கே போய்த் தேடும் என்பதும் தெரியும்.

"அண்ணே, வாங்க, சுவரோரமா ஒளிஞ்சுக்கலாம்."

இருவரும் குனிந்தார்கள். உள்ளே அலறல் வெடித்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டிப் பார்க்கத் துடித்த தலையை முழங்காலுக்குள் புதைத்தாள். அலறல் மெல்ல மெல்ல விலகியது. கடைசியில் குளியலறைக் கதவை அறையும் சத்தம் கேட்டது.

"இப்ப உடைங்கண்ணே!"

அவர் துண்டைச் சுற்றிய சுத்தியலால் கண்ணாடியைத் தட்டினார். அவள் உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கினாள். முழங்கையில் கீறியது. அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறை வாசலுக்கு ஓடினாள். மகளைத் தூக்கியதும் மகளை விடச் சத்தமாக அழுதாள்.

"ஒண்ணும் ஆகலையே, ஏன் இன்னும் அழற? பத்து நிமிஷம்தானே மாட்டிக்கிட்ட?" என்றான் இரவு வீடு திரும்பிய கணவன்.

"பத்து மாசமா மாட்டிக்கிட்டு இருக்கேங்க."

அவன் எழுந்து போய் உடைந்த கதவுக்கு அட்டை வைத்து அடைத்தான். இரண்டு நாள் கழித்து, முதலாளியிடம் பேசி இரவு ஷிப்டுக்கு மாறிக்கொண்டதாகச் சொன்னான்.

பூசணிக்கு ஒரு வயது நிறைய ஐந்து நாள் இருக்கும்போது அவள் மறுபடி காக்கிச் சட்டை போட்டாள். மூன்றாம் நாள், நெரிசலில் பஸ் நகராமல் நின்றபோது போன் வந்தது.

"நாலு அடி நடந்தா! கட்டில்லேருந்து என்கிட்ட வரைக்கும்!"

"எந்தக் காலை முதல்ல வச்சா?"

"அதைப் போய் யாரு பார்த்தா?"

அவள் அங்கே இருந்திருந்தால் பார்த்திருப்பாள். போனைப் பைக்குள் வைத்தாள். முன்னாலும் பின்னாலும் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"டிக்கெட் எடுக்காதவங்க சொல்லுங்க" என்றபடி அவர்களுக்கு நடுவே நுழைந்தாள்.