முப்பத்தொரு புள்ளி

வெர்னா ஸ்டக்கி எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பதினோரு வருடம் கோச். அமெரிக்காவில், தெற்கு இந்தியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே கிடக்கும் சின்னக் கல்லூரி. உடற்கல்வி வகுப்பு எடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். அணி அவருக்குக் கூடுதல் வேலை. அரங்கம் நாள் முழுக்க ஆண்களுக்கு. எங்களுக்குக் காலை ஐந்தரை மணி. வெளியூர் ஆட்டத்துக்கு வேனை அவரே ஓட்டுவார். அப்படியும் இருநூற்றுப் பதினாறு வெற்றி, இரண்டு மாநிலப் பட்டம்.

கோபக்காரி. என் முதல் வருடம், எங்கள் ஆட்டத்தன்று ஆண்கள் அணி நேரம் முடிந்தும் இடத்தை விடவில்லை. "இன்னும் பத்து நிமிஷம்மா" என்றார் அவர்களுடைய கோச். வெர்னா எங்களை நடு வட்டத்தில் உட்கார வைத்துத் தானும் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"பந்து மேல பட்டா படட்டும். எவளும் எந்திரிக்கக் கூடாது."

பட்டது, என் காதில். யாரும் எழவில்லை.

1985 மார்ச்சில் எங்கள் கோச் வேலையை முழுநேரமாக்கி, நல்ல சம்பளம் போட்டார்கள். போட்டுவிட்டு, பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த டக் ஹெய்லியை அதில் உட்கார வைத்தார்கள். விளையாட்டுத் துறைத் தலைவர் ராய் ப்ரூவிட் அதை வெர்னாவிடம் சொன்னபோது, கணுக்காலுக்குக் கட்டுப் போட வந்த நான் வாசலில் நின்றிருந்தேன்.

"கோவிச்சுக்காத வெர்னா. அவனுக்குக் குடும்பம் இருக்கு. நீ கூட இருந்து சொல்லிக்குடேன்."

"ஜெயிக்க நான், சம்பளத்துக்கு அவனா?"

"பாத்தியா, இந்தக் கோவந்தான்... கமிட்டியில யோசிச்சாங்க."

"என் கோவத்த நீ இன்னும் பாக்கவே இல்ல ராய்."

நாற்பது மைல் தள்ளி, முந்தின வருடம் மூன்றே ஆட்டம் ஜெயித்திருந்த கல்லூரிக்குக் கோச்சாகப் போனார். என் படிப்புச் செலவை இந்தக் கல்லூரி கட்டியது, நான் போகவில்லை.

இரண்டாம் குளிர்காலம் அந்த அணியோடு எங்கள் அரங்கத்துக்கு வந்தார். நான் கேப்டன். பாதி ஆட்டத்திலேயே அவர் அணி இருபது புள்ளி முன்னால். அப்போதும் விடவில்லை. நான் பந்தைத் தட்டிக்கொண்டு கிளம்பினாலே இரண்டு பேர் வந்து மறித்தார்கள். ஹெய்லிக்கு அதை உடைக்கும் வழி தெரியவில்லை. எண்பத்திரண்டு, ஐம்பத்தொன்று.

"நல்ல ஆட்டம்" என்று ப்ரூவிட் சிரித்தபடி கையை நீட்டினார். வெர்னா அந்தக் கையைத் தாண்டி என்னிடம் வந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எங்கள எதுக்கு இந்த அடி அடிச்சீங்க கோச்? நாங்களா உங்கள விரட்டுனோம்?"

"இல்ல. அந்த ராய் உங்க பெஞ்சுக்குப் பின்னாடி உக்காந்திருந்தானே."

மன்னிப்புக் கேட்கவில்லை. குளியலறையில் ஆத்திரத்தில் அழுதேன். யார்மீது அதிக ஆத்திரம் என்று எனக்கே தெரியவில்லை.

வெர்னா அந்தப் புதுக் கல்லூரியில் பத்தொன்பது வருடம் இருந்து ஐந்து பட்டம் வாங்கினார். நாலு வருடத்துக்கு முன் எங்கள் கல்லூரி, ஆடுதளத்துக்கு அவர் பெயர் வைக்க முடிவு செய்தது. அதற்கான குழுவில் இருந்த நான்தான் கடிதத்தைக் கொண்டுபோனேன். அவருக்கு வயது எண்பதைத் தொட்டிருந்தது. வாசலில் நின்றபடியே படித்தார்.

"எனக்கப்புறம் அங்க பொம்பள கோச் எத்தன பேரு?"

"யாருமில்ல."

"அப்ப அங்க வந்த ஆம்பள கோச்சுங்க பேரையே எழுதிக்கச் சொல்லு." கதவைச் சாத்திவிட்டார்.

குழுவில் அப்படியே சொன்னேன். "அந்தம்மாவுக்கு இன்னும் கோவம் போகலையா?" என்று ஒருவர் சிரித்தார்.

"எனக்கும் போகல" என்றேன்.

தளத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.