இரண்டு சின்னத்துக்கும் புள்ளடி

யூஜின் தன் முதல் வாக்கை இரண்டு கட்சிக்கும் விற்றுவிட்டான் என்று, தமிழர் குடியேறிய இத்தாலியப் பகுதியான சீசாவில் ஒரு கதை உலாவியது. அது உண்மைதானா என்று அறிய, அவன் மனைவி மொனிகா சமையலறையிலேயே விசாரணையைத் தொடங்கினாள்.

காலையில் அவன் துப்புரவு செய்யும் வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, கோயில்காரரின் பழமைக் கட்சி. மகளுக்குக் கன்னியர் பள்ளியில் இடம் எடுத்துக் கொடுத்தவர். மாலை வீட்டுப் பேராசிரியர், எல்லாவற்றையும் அரசாங்கமே செய்யவேண்டும் என்கிற கட்சி. பிள்ளைகளுக்கான அரச உதவிக்கு வழிகாட்டியவர். இருவருமே தங்கள் கட்சிக்குப் போடச்சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் ஓம் எண்டனீங்களோ?"

"ஓம்."

"அப்ப ஆருக்குப் போட்டனீங்கள்?"

யூஜின் வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. "ரெண்டுக்கும் புள்ளடி போட்டன். ஒண்டுக்குப் போட, மற்ற ஆளின்ரை முகம் வந்து நிண்டுது."

"அது செல்லாதேயப்பா."

"பெட்டிக்குள்ளை போட்ட பிறகுதான் விளங்கினது."

கடவுளும் அரசாங்கமும் இழுத்த இழுவையில் இருவரும் சமபலம் என்று தெரிந்தது. வருடக்கணக்காகக் காத்திருந்து பெற்ற குடியுரிமையின் முதல் வாக்குத்தான் குப்பைக்குப் போனது.

வாக்குக்கு நன்றியாகச் சிஞ்ஞோரா கேக் வைத்து அனுப்பிய தட்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது. வெறுந்தட்டாகக் கொடுக்கக்கூடாதென்று மொனிகா பயத்தம்பணியாரமும் சுட்டு வைத்தாள். தினமும் அந்த வீட்டுக்குப் போகிற யூஜின், "நாளைக்குக் கொண்டுபோறன்" என்கிறான்.