ரிவர்ஸ்டன் போகும் வழியில் எண்ணெய் பட்ட பிரேக்

சம்பந்தி வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. ரிவர்ஸ்டன் மலை உச்சியில், என் பேத்தி நிரோஷாவின் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு சம்பந்தி சிரிக்கிறார். அவர் அவளுக்கு அம்மாயி, நான் அப்பாயி. தூக்கி வளர்த்தவள் நான். மலைக்குப் போய்வந்தவர் அவர். எனக்கும் அப்படி ஒரு படம் வேண்டும் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம்.

வண்டி பேத்தியைவிட மூத்தது. பின் பிரேக்கை மிதித்தால் கீச்சென்று கத்தும். முதல் நாள் பின்னேரம் அவளே சக்கரத்தைக் கழற்றி, துணியால் தூசி துடைத்து, பிரேக் லைனர் இரண்டையும் சேண்ட் பேப்பரால் தேய்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். (மாத்தளையில் இப்படிச் செய்கிற பெண்பிள்ளை எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள்.) எங்கள் வீட்டில் கத்தி, தேங்காய்த் துருவி எதைக் கழுவினாலும் தேங்காய் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைப்போம். இல்லாவிட்டால் மழைக்குத் துரு ஏறிவிடும். லைனருக்கும் அதையே செய்தேன். வழியில் ரத்தோட்டையில் இருக்கிற சம்பந்தி வீட்டு வாசலில் போய்க் கத்தக்கூடாதே! குளித்துவிட்டு வந்தவள் இருட்டில் அப்படியே மாட்டிவிட்டாள்.

காலை 6.10க்கு மாத்தளையை விட்டோம். ரத்தோட்டை பதின்மூன்று கிலோமீட்டர். 6.45க்கு சம்பந்தி வீட்டுச் சரிவில் இறங்கும்போதுதான் பேத்தி அன்று முதல் தடவையாகப் பின் பிரேக்கை அழுத்தி மிதித்தாள். சத்தமே இல்லை. வண்டியும் நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்ததால் கேட்டுக்கு ஓரடி முன்னால் நின்றோம்.

"இந்த பிரேக்கோட மலைக்குப் போக ஏலாது அப்பாயி" என்றாள். என் படம் போனது என்று நினைத்துக்கொண்டேன்.

முற்றத்திலேயே சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தாள். அவள் கேட்காமலே சம்பந்தி பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

பேத்தி லைனரை முகர்ந்து பார்த்தாள். "தேங்காண்ண வாசம். யாரு பார்த்த வேலை?"

சம்பந்தி என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நீ தொடைச்ச துணி போன தடவை நான் குடுத்ததுதானே பாப்பா. அதுல எண்ண இருந்திருக்கும்."

"சரி விடுங்க அம்மாயி" என்று சிரித்துவிட்டாள். ஒரு திட்டுகூட இல்லை! அந்தப் பழியைக்கூட அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அவங்க ஒண்ணும் செய்யல. நான்தான் தொடைச்சேன். ரெண்டையும், பளபளன்னு!"

"பிரேக் பிடிக்கிறதே உரசித்தான் அப்பாயி. எண்ண பூசினா வழுக்காம என்ன செய்யும்? வடை சுடவா மலைக்குப் போறோம்?"

சம்பந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எண்ணெய் குடித்த லைனர் இனி உதவாதாம். கடை திறக்க 8.30 ஆனது. புது லைனர் 1,200 ரூபாய். டிரம்மின் உட்புறத்தைப் பெற்றோல் துணியால் துடைத்துக் காயவிட்டு மாட்டினாள். அச்சு நட்டை இறுக்கும்போது யாராவது பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் லைனர் நடுவில் உட்காரும். அது எப்போதும் சம்பந்தியின் வேலையாம். அவர் எழும்புவதற்குள் நான் போய்க் குந்தி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

அங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம். 10.40க்கு உச்சியில் இறங்கினால் எங்கும் பனிமூட்டம். என் படத்தில் வண்டி இருக்கிறது, நான் இருக்கிறேன், மலை இல்லை.

நீங்கள் போவதானால் ஒன்பது மணிக்குள் உச்சியில் இருங்கள், பனிக்குமுன் மலையைப் பார்க்கலாம். ஜாக்கெட் வேண்டும். இறக்கத்தில் சின்ன கியரில் வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாளே பின் பிரேக்கைக் கழற்றிப் பாருங்கள்; லைனர் பக்கம் எண்ணெய்க் கையோடு யாரையும் விடாதீர்கள்.

எங்கள் பிரேக் இறக்கம் முழுவதும் நன்றாகப் பிடித்தது. கடைசி வளைவு தாண்டியதும் பேத்தி தலையைத் திருப்பிச் சொன்னாள்:

"நல்லா அமுக்கிப் புடிச்சிருக்கீங்க அப்பாயி. அம்மாயி மாதிரியே."

முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாம்.