உரிய வழியாக அனுப்பிய விண்ணப்பம்

வேலை மாற்றம் கேட்கும் ஊழியருக்கு வெளியாட்களுக்கு முன்பாக வாய்ப்புத் தர வேண்டும். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் பகுதிநேரமாக வேலை பார்த்த கிடங்கின் ஊழியர் விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. சேர்ந்த அன்றே முழுவதும் படித்துவிட்டேன். அங்கே அதைப் படித்த ஒரே ஆள் நான்தான் என்பது பிறகு தெரிந்தது.

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, நான் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்லி மயூர் விஹாரில் நானும் மனைவி எஸ்தரும் மட்டும்தான். வீட்டுக் கடன் முடியாததால் கிடங்கில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போனேன். எஸ்தருக்கு இன்சுலின். சொல்லாமல் கொள்ளாமல் சர்க்கரை இறங்கிவிடும். கிடங்கிலோ வாசலிலேயே போனை ஒப்படைத்துவிட வேண்டும். நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அவள் விழுந்து கிடந்தாலும் எனக்குத் தெரியாது. இதுதான் என் பயம்.

அதே நிறுவனத்தில் காலை நேரத்துக்கு மட்டும் டெலிவரி வேன் ஓட்டும் வேலை இருந்தது. போன் இல்லாமல் ஓட்டுநர் ஒரு தெருவைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. லைசென்ஸ் இருக்கிறது, கண்ணும் நன்றாக இருக்கிறது. ஜூன் முதல் வாரம் ஆங்கிலத்தில் இரண்டு பக்க விண்ணப்பம் அடித்தேன். மேலே ‘உரிய வழியாக’, கீழே ‘நகல்: மண்டல மேலாளர்’. அரசாங்கத்தில் யாரும் மேலிடத்துக்கு நேராக எழுத மாட்டோம். நம் அதிகாரி கையில் கொடுப்போம். அவர் பரிந்துரைத்து அனுப்புவார். எங்கள் ஷிப்ட் சூபர்வைசர் ராகேஷிடம் கொடுத்தேன். அவர் கடைசி வரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

பதில் வரவில்லை. முதல் நினைவூட்டல் கொடுத்தேன். இரண்டாவதும் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இறுகியது. இதற்கிடையில் வெளியிலிருந்து இரண்டு பேர் வேன் ஓட்டச் சேர்ந்தார்கள். ராகேஷ் காசுக்குக் கை நீட்டியிருப்பார் என்று முடிவு கட்டினேன். வாசலில் போன்களை வாங்கி வைக்கும் சுனிதாவையும் நான் நம்பவில்லை. கொடுக்கும்போதெல்லாம் திரையை உற்றுப் பார்ப்பாள்.

தினமும் ஜெபித்தேன். “ஆண்டவரே, ராகேஷை வேறு கிடங்குக்கு மாற்றும்.” அவர் மாறவில்லை. பரலோகத்திலும் என் மனுவை யாரோ மேசைக்குள் பூட்டிவிட்டார்களோ என்று சந்தேகம் வந்தது. அதன்பின் வேறு வார்த்தை வரவில்லை. “அவளைப் பார்த்துக்கொள்ளும்” என்று மட்டும் சொல்லத் தொடங்கினேன்.

ஜூலை கடைசியில் ஒரு நாள் சுனிதா என் போனைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே ஓடி வந்தாள். அது அங்கே வேலையைப் பறிக்கும் குற்றம்.

“அங்கிள்ஜி, ஜல்தி, சீக்கிரம்! ஆன்ட்டி போட்டோ திரும்பத் திரும்ப வருது. எடுத்தா குரல் குழறுது!”

எஸ்தர்தான். “என்னங்க... கண்ணு இருட்டுது...” அதற்குமேல் சத்தமில்லை. மாற்றுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டம்மாவை அழைத்தேன். ராகேஷ் வந்து, “பைக்ல ஏறுங்க” என்றார். பொய் சொல்கிறேனா என்று சரிபார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்தபடியே ஏறினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் சர்க்கரைத் தண்ணீர் குடித்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளோ வந்தவரை விடவில்லை. தன் உடைந்த இந்தியில் கேட்டாள். “தம்பி, இவருக்கு வண்டி ஓட்டுற வேலையைக் குடுத்தா என்ன?”

ராகேஷ் திகைத்தார். “இவர் எங்க ஆன்ட்டி வேலை கேட்டார்? என் மேல கம்ப்ளெய்ன்ட் இல்ல எழுதிக் குடுத்தார்! பெரிய சாஹபுக்குக் காப்பி வேற. மூணு தடவை!”

அவருக்கு அந்த ஆங்கிலம் எட்டவில்லை. ‘நகல்’ என்றால் புகார் என்பது அவர் அனுபவம். நான் அவரைச் சந்தேகித்த அத்தனை நாளும் அவர் என்னைக் கண்டு பயந்திருக்கிறார்.

எஸ்தருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஏங்க, வேலை கேக்கதுக்குமா குற்றப்பத்திரிகை எழுதுவீங்க?”

“அங்கிள், இங்க யாரும் காகிதம் குடுக்கிறதில்ல. எல்லாம் ஆப்லதான்” என்று ராகேஷ் என் போனை வாங்கினார். தேநீர் ஆறுவதற்குள் விண்ணப்பம் போய்விட்டது. ‘பரிந்துரை’ என்ற கட்டத்தில் தன் பெயரை அவரே போட்டார். மறுநாள் சுனிதாவை மேலிடம் விசாரித்தபோது, “நான்தான் எடுத்து வரச் சொன்னேன்” என்றார் ராகேஷ். அவர் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். விதிப்படி நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

பிரியமானவர்களே, இதெல்லாம் தற்செயல் என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவன் இல்லை. எத்தனையோ கோப்புகளில் ஓட்டை கண்டுபிடித்தவன் நான். இதிலும் தேடினேன். அகற்றும்படி நான் கேட்ட மனிதரின் பைக்கிலேயே என்னை வீட்டில் சேர்த்ததற்கு ஆண்டவரைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. இப்போது காலையில் வேன் ஓட்டுகிறேன். போன் கண்ணெதிரே இருக்கிறது. எஸ்தர் அழைத்து, “ஒண்ணுமில்ல, சும்மாதான்” என்று வைத்துவிடுகிறாள். சந்தேகம் இன்னும் போகவில்லை. ராகேஷுக்காகவும் சுனிதாவுக்காகவும் ஜெபிக்கும் பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. உங்கள் மனு எந்த மேசையில் கிடந்தாலும் சோர்ந்துபோகாதீர்கள். யார் மூலம் பதில் வர வேண்டும் என்பதை மட்டும் ஆண்டவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

வேனை ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள், போலீஸ் சரிபார்ப்பும் நடந்தது. விதியின் ஏழு வேலை நாட்கள் தாண்டித்தான் நியமனப் பதில் என் போனுக்கு வந்தது: ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை.